குத்துது, சுருங்குது, தொங்குது: கம்பளி நூல் பண்ணுத சேட்டையும் அதுக்கான வழியும்

பாளையங்கோட்டையில உக்காந்துகிட்டு கம்பளி பின்னுதேன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாவ. கத்திரி வெயில்ல மண்டை பொளக்கு, இவ மடியில கம்பளியைப் போட்டுக்கிட்டு இருக்கான்னு. ஆனா இங்க பின்னுதவ யாரும் தனக்குப் பின்னல, பெங்களூர்ல பேத்தி, கனடாவுல மவன், ஊட்டிக்கு வேலைக்குப் போன தம்பின்னு யாருக்காவதுதான். நான் மொதமொத பின்னுனது மாஞ்சோலை எஸ்டேட்ல வேலை பாத்த பெரியப்பாவுக்கு ஒரு மப்ளர், அது இன்னிக்கும் அப்படியே இருக்கு, ஏன் இருக்குன்னு கீழ சொல்லுதேன்.

எனக்கு வார போன்ல பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும், "அக்கா, நான் என்னமோ தப்பா பின்னிட்டேன்". முக்காவாசி நேரம் தப்பு கையில இல்ல, நூல்ல இருக்கும், இல்லன்னா அந்த நூலுக்கும் அந்தச் சாமானுக்கும் பொருத்தம் இருக்காது, ஜாதகம் பாக்காம கட்டி வச்ச மாதிரி. அதனால கோளாறு வாரியா எழுதியிருக்கேன், உங்க கோளாறு எதுவோ நேரா அங்க போயிருங்க. மொத பகுதியை மட்டும் எல்லாரும் படிச்சிருங்க, அது தெரியாம மிச்சம் ஒண்ணும் வேலைக்காகாது.

அது கம்பளிதானா?

நம்மூர் கடையில போயி உல்லன் நூல் குடுங்க அண்ணாச்சின்னா எடுத்துப் போடுதது பெரும்பாலும் அக்ரிலிக்குங்குத செயற்கை நூல்தான். அண்ணாச்சி ஏமாத்தல, நம்ம பேச்சுல பின்னுத நூல் எல்லாமே உல்லன்தான். லேபிள்ல சின்ன எழுத்துல 100% அக்ரிலிக்னு போட்டுத்தான் இருக்கும், நாமதான் கலரைப் பாத்து மயங்கி வாங்கிட்டு வந்துருவோம்.

நம்ம பக்கம் இத்தனை செம்மறி ஆடு மேயுதே, அதுல கம்பளி வராதான்னு ஒருத்தி கேட்டா. வராது. வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு எல்லாம் கறிக்கு வளக்குத ஆடு, மேல இருக்கது குட்டை முடி, கத்தரிச்சு நூக்க முடியாது. தமிழ்நாட்டுல மெல்லிசான கம்பளி தாரதுன்னா நீலகிரி ஆடுதான், வெள்ளக்காரன் காலத்துல மெரினோ, செவியட், சவுத்டவுன்னு சீமை ஆட்டையெல்லாம் நம்ம ஆட்டோட கலந்து உண்டான இனம். திருச்சி கருப்பு, கோயமுத்தூர் ஆடு இதுகளுக்கு ரோமம் உண்டு, ஆனா முரடு, கம்பளம் நெய்யத்தான் ஆகும். ஆக உங்க கையில நிஜக் கம்பளி இருக்குன்னா ஒண்ணு ஆர்டர் போட்டு வந்திருக்கும், இல்ல வெளிநாட்டுல இருந்து யாராவது பெட்டியில வச்சு கொண்டாந்திருப்பாவ.

சந்தேகமா இருந்தா கொளுத்திப் பாத்துருங்க. அரையடி நூலை இடுக்கியில பிடிச்சி, கீழ ஒரு தட்டுல தண்ணி வச்சிக்கிட்டு, மெழுகுவத்தியில காட்டுங்க. தலைமுடி கருகுத வாடை வந்து, தீயை விட்டு எடுத்ததும் தானா அணைஞ்சி, மிச்சத்தை ரெண்டு விரல்ல நசுக்குனா கருப்புப் பொடியா உதிர்ந்தா அது கம்பளி. உருகி, எடுத்த பிறகும் எரிஞ்சி, ஆறுனதும் கல்லு மாதிரி கருப்பு மணி நின்னா அக்ரிலிக். காயிதம் எரிஞ்ச வாடையும் லேசான சாம்பலும்னா பருத்தி. முடி வாடையும் அடிச்சி மணியும் நின்னா கலப்பு.

கம்பளின்னு தெரிஞ்சதும் இன்னொண்ணு பாக்கணும். நாலு விரக்கடை நூலைப் பிச்சி, வெதுவெதுப்பான தண்ணியும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சி ரெண்டு நிமிசம் நல்லா உருட்டுங்க. ஒண்ணோட ஒண்ணு பிடிச்சி கெட்டியாயிட்டா சாதாக் கம்பளி. எவ்வளவு உருட்டுனாலும் நூலாவே கெடந்தா சூப்பர்வாஷ், அதாவது மெஷின்ல துவைக்கதுக்குன்னு மருந்து போட்ட கம்பளி. இந்த ரெண்டும் ரெண்டு சாதி. துவைக்குததுல இருந்து நூலோட நூல் ஒட்டுப்போடுதது வரைக்கும் எல்லாமே மாறும்.

போட்டா குத்துது, கழுத்தெல்லாம் அரிக்கி

எனக்கு கம்பளி அலர்ஜின்னு சொல்லுதவங்கள்ல நெறைய பேருக்கு அலர்ஜியே கெடையாது, நாரு தடிமன்தான் காரணம். கம்பளி நாரை மைக்ரான்ல அளப்பாவ, ஒரு மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மெரினோன்னா சுமாரா 24 மைக்ரானுக்குக் கீழ, நல்ல மெரினோ 18, 19க்கு வரும். 30 மைக்ரானுக்கு மேல தடிச்ச நாரு நூல்ல நூத்துக்கு அஞ்சுக்கு மேல இருந்தாலே நுனி வளையாம தோல்ல குத்தும். மெல்லிய நாரு தோல்ல பட்டதும் வளைஞ்சி குடுத்துரும், நாத்துக்கும் கருவேல முள்ளுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரின்னு வச்சிக்கிடுங்க.

கையில தொட்டுப் பாத்து வாங்காதீங்க, பாத்திரம் தேய்ச்ச உள்ளங்கைக்கு ஒண்ணும் தெரியாது. கழுத்துக்குக் கீழயோ முழங்கை உள்பக்கமோ வச்சி அஞ்சு நிமிசம் விடுங்க. பின்னி முடிச்ச பிறகுதான் குத்துதுன்னா துவைச்சுப் பாருங்க, சில நூல்ல நூக்கும்போது போட்ட எண்ணெய் இருக்கும், ரெண்டு தண்ணியில மெதுவாயிரும். கடைசி அலசல்ல முடிக்குப் போடுத கண்டிஷனர் துளி விட்டாலும் கொஞ்சம் அடங்கும். தடிச்ச நாரை மெல்லிசாக்க மட்டும் எந்த மருந்தும் கெடையாது, அதை உள்ள ஒரு பருத்திச் சட்டை போட்டு மேல போடுத ஸ்வெட்டரா வச்சிக்கிட வேண்டியதுதான். முரட்டு நூலை மட்டமா நெனைச்சிராதீங்க, பைக்கும் விரிப்புக்கும் அதை அடிச்சிக்கிட ஆளில்ல, மெரினோவுல பை பின்னுனா ரெண்டு மாசத்துல நஞ்சிரும்.

துவைச்சதும் சுருங்கிப் போச்சு

எங்க சித்தி மவ பெங்களூர்ல இருக்கா. அவ புள்ளைக்கு ரெண்டு மாசம் உக்காந்து பின்னி அனுப்புனேன், மஞ்ச மெரினோ, நெஞ்சுல சின்னதா கேபிள், அதாவது சடை மாதிரி முறுக்குன டிசைன். ஒருநாள் போன்.

"அக்கா, சட்டை சின்னதாப் போச்சு."

"புள்ள வளந்திருக்கும் ளா."

"இல்லக்கா, புள்ள அப்படியேதான் இருக்கான், சட்டை பொம்மைக்குத்தான் சேரும் போல இருக்கு."

"எதுல முக்குன?"

"முக்கலக்கா... பெட்ஷீட்டோட மெஷின்ல போட்டேன், வெந்நியில."

நான் ஒண்ணும் பேசல. பேசி என்ன ஆவப்போவுது. போட்டோ அனுப்புனா, கேபிள் இருந்த எடம் தெரியல, கண்ணி ஒண்ணுகூட தெரியல, காலண்டர் அட்டை மாதிரி ஒரே கெட்டி.

நடந்தது இதுதான். கம்பளி நாரு நம்ம முடி மாதிரியே கெரட்டின், மேல மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கும், எல்லாச் செதிலும் நுனியைப் பாத்து ஒரே பக்கமா சாஞ்சிருக்கும். நனைஞ்சி, சூடும் சோப்பும் பட்டதும் செதில் எந்திரிச்சிக்கிடும், அந்த நேரம் பாத்துக் கசக்குனா ஒரு நாரு இன்னொரு நாருக்குள்ள ஒரே திசையில ஏறும், திரும்பி வர செதில் விடாது. சூட்டைவிட கசக்குததுதான் பெரிய வில்லன், பச்சைத்தண்ணியில போட்டாலும் மெஷின் அடிச்ச அடியில சாதாக் கம்பளி சுருங்கத்தான் செய்யும்.

லேசா சுருங்கியிருந்தா வெதுவெதுப்பான தண்ணியில கண்டிஷனர் கலந்து அரைமணி நேரம் ஊற வச்சி, மெதுவா இழுத்து, குண்டூசி குத்தி அளவுக்குக் காயப்போட்டா ஓரளவு வரும். அட்டையாப் போனது திரும்ப வராது, அதை மட்டும் யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஆனா அதைக் கத்திரியில வெட்டலாம், நூலு பிரியாது. அந்த மஞ்சச் சட்டையை நான் வாங்கியாந்து வட்டமா வெட்டி சோத்துப்பானை இறக்குத பிடிதுணியா வச்சிருக்கேன், கம்பளி லேசுல தீப்பிடிக்காதுல்லா.

இனிமே துவைக்கது எப்படின்னா, ஒரு வாளி தண்ணி, கொஞ்சம் பேபி ஷாம்பு, அதுல போட்டு அமுக்கி விட்டுட்டு இருபது நிமிசம் அந்தப் பக்கமே போகாதீங்க. துவைக்குத பவுடர் வேண்டவே வேண்டாம், அதுல காரம் உண்டு, கறை போக்குததுக்கு என்சைம் கலந்த பவுடருன்னா இன்னும் மோசம், முட்டைக்கறையைத் திங்குத அதே என்சைம் கம்பளியையும் திங்கும், ரெண்டும் புரதம்தானே. அலசும்போதும் அதே சூட்டுத் தண்ணி. முறுக்கிப் பிழியாம துண்டுல சுருட்டி ஏறி மிதிங்க, துண்டு தண்ணியைக் குடிச்சிக்கிடும். ராதாபுரம், திசையன்விளை பக்கம் உப்புத் தண்ணிக்காரங்க இன்னொண்ணு கவனிங்க, அந்தத் தண்ணியில கட்டிச் சோப்பு போட்டா வெள்ளையாத் திரிஞ்சி நாருல ஒட்டிக்கிட்டு கம்பளி விறைச்சிரும், அதனால ஷாம்புதான், கடைசி அலசலுக்கு ஒரு ஸ்பூன் வினிகர்.

துவைச்சதும் தொங்கிப் போச்சு

இது நேர் எதிர். பின்னும்போது அளவு கச்சிதம், நனைச்சி எடுத்ததும் கை முழங்காலுக்கு வந்துட்டு. கிட்டத்தட்ட நிச்சயமா சூப்பர்வாஷ். அதுல என்ன பண்ணுதாங்கன்னா குளோரின் போட்டு செதிலை அரிச்சிட்டு மேல மெல்லிசா ஒரு பிசின் பூசிருவாங்க, அதனாலதான் மெஷின்ல போட்டாலும் பிடிக்காது. ஆனா செதிலுக்கு இன்னொரு வேலையும் இருந்துச்சி, பக்கத்து நாரைப் பிடிச்சிக்கிட்டு நிக்குதது. பிடி போச்சுன்னா நனைஞ்ச வெயிட்டுக்கே வழுக்கி இறங்கிரும், கம்பளி அது பாட்டுக்கு தண்ணியையும் நெறைய குடிக்கும், ஈரமான மாதிரியே காட்டாம தன் எடையில 30% வரைக்கும் வாங்கி வச்சிக்கிடும்.

வெளிநாட்டுக்காரங்க டிரையர்ல கொஞ்ச நேரம் போட்டு எடுப்பாங்க, மறுபடி ஏறிக்கிடும். நம்ம வீட்டுல ஏது டிரையர். ரெண்டு கையாலயும் பந்து மாதிரி அள்ளி எடுங்க, ஒரு நுனியைப் பிடிச்சித் தூக்கவே கூடாது. நார்க்கட்டில் மேல ஒரு பழைய வேட்டியை விரிச்சி, அதுல நீளத்தைக் குறைச்சிக் குவிச்சி அளவுக்கு அடுக்கி வைங்க, அடியில இருந்தும் காத்து வரும், அதுமாதிரி சௌகரியம் கம்பெனிக்காரன் விக்குத வலையிலயும் இல்ல. நிழல்லதான், நம்மூர் வெயிலு வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கிரும். கொடியில போட்டா முடிஞ்சிது கதை.

அடுத்தவாட்டி சூப்பர்வாஷ்ல ஆரம்பிக்க முன்ன அஞ்சு இஞ்சுல ஒரு சாம்பிள் துண்டு பின்னி, நனைச்சி, காயவச்சி, பிறகு கண்ணியை எண்ணுங்க. அந்த எண்ணுதான் உண்மை, ஊசியில இருக்கும்போது எண்ணுனது பொய். ஒரு நம்பர் சின்ன ஊசி போடுங்க. தோள்ல தையல் வச்ச டிசைனா எடுங்க, தையல்தான் வெயிட்டைத் தாங்கும்.

மேலெல்லாம் உருண்டை உருண்டையா கட்டுது

நூல்ல குட்டை நாரு நெறைய இருந்து முறுக்கும் கம்மியா இருந்தா நுனியெல்லாம் வெளிய வந்து உரசி உருளும். நூக்குததுல ரெண்டு வகை உண்டு. சும்மா சிக்கெடுத்து அப்படியே நூத்தது உப்பலா, சூடா, வெயிட் இல்லாம இருக்கும், ஆனா உருண்டை கட்டும். சீப்புப் போட்டு குட்டை நாரை எல்லாம் கழிச்சிட்டு நீள நாரை மட்டும் படிய வச்சி நூத்தது வழவழன்னு, கெட்டியா, ரொம்ப நாள் உழைக்கும். கடையில கையில எடுத்ததும் ரொம்ப மெத்துன்னு இருக்குன்னு மயங்குதோம் பாருங்க, அந்த மெத்துதான் மொதல்ல உருண்டை கட்டும்.

கடையிலயே பாத்துரலாம், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு இருவது தடவை உரசுங்க, பஞ்சு பறந்தா அவ்வளவுதான். பின்னியாச்சுன்னா உருண்டையைப் பிச்சி இழுக்காதீங்க, இழுத்தா புது நாரு வெளிய வரும், கத்திரியால நறுக்குங்க. கம்பளின்னா கொஞ்ச நாள்ல பாதி உருண்டை தானா உதிர்ந்துரும், அக்ரிலிக்ல உருண்டையைப் பிடிச்சிருக்க நாரு அறாது, அது கெடந்து தொங்கும்.

நேரா பின்னுனேன், துண்டு கோணலா சாஞ்சி நிக்கி

கயிறு திரிக்கததைப் பாத்தவங்களுக்கு இது சட்டுனு வெளங்கும். தேங்காய் நாரை ஒத்தப் புரியா திரிச்சிட்டு விட்டா அது தானா சுருட்டிக்கிடும், ரெண்டு புரியை எதிர்ப்பக்கமா சேத்து முறுக்குனாத்தான் அடங்கி நிக்கும். நூலும் அப்படித்தான். ஒத்தப் புரி கம்பளியில முறுக்கு ஒரே பக்கம், அதுல ஸ்டாக்கிங் ஸ்டிச், அதாவது முன்பக்கம் நேர்க்கண்ணி மட்டும் தெரியுத பின்னல் போட்டா முறுக்கு துணியையே இழுத்துச் சாய்ச்சிரும், என்னதான் நனைச்சி ஊசி குத்தி காயவச்சாலும் அடுத்த துவைப்புல பழையபடி சாயும். எல்லா வரியும் நேர்க்கண்ணியா போடுத கார்ட்டர் ஸ்டிச், இல்லன்னா ஒண்ணு நிட் (நேர்க்கண்ணி) ஒண்ணு பர்ல்னு (மறுகண்ணி) மாத்தி மாத்தி போடுங்க, ரெண்டு பக்க இழுப்பும் ஈடாயிரும். வாங்குமுன்ன ஒரு முழம் நூலை ரெண்டா மடிச்சித் தொங்க விடுங்க, பரபரன்னு முறுக்கிக்கிட்டா உஷார்.

புரி பேச்சு வந்ததால ஒண்ணு, 4 பிளைன்னா தடிமன்னு நெனைச்சிருக்கோம், லேபிள் போடுதவனும் அப்படித்தான் போடுதான். உண்மையில பிளைன்னா எத்தனை புரின்னுதான் அர்த்தம், ஒத்தப் புரியிலயும் கட்டைவிரல் தண்டி நூல் உண்டு. தடிமன் வேணும்னா 100 கிராம்ல எத்தனை மீட்டர்னு பாருங்க, 400 மீட்டர் பக்கம்னா சாக்ஸ் பின்னுத மெல்லிசு, 200 சொச்சம்னா டிகேன்னு சொல்லுத நடுத்தரத் தடிமன், அதுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி, நம்ம பழைய கணக்குல 8ஆம் நம்பர். பழைய நம்பர் ஏற ஏற ஊசி சின்னதாகும், 10ன்னா 3.25 மில்லிமீட்டர். புது ஆளுக இதுலதான் தலைகீழா வாங்கிட்டு வந்து நிப்பாவ.

துணி அட்டை மாதிரி விறைப்பா இருக்கு

பருத்தி நூல்ல லேஸ், குரோஷா போட்டுப் பழகுன கைக்கு வரும் இது. எங்க ஆச்சிக்கு இடையன்குடி லேஸ் போட்ட கை. நாகர்கோயில்ல மிஷனரி மால்ட் அம்மா தொடங்குன லேஸ் வேலை, அவங்க மவ எலைசா, கால்டுவெல் பாதிரியாரைக் கட்டி இடையன்குடிக்கு வந்த பிறகு அங்கயும் வேர்விட்டுச்சி, அதுல வந்த பழக்கம். பருத்தி இழுபடாது, அதை இறுக்கிப் பிடிச்சே ஆவணும். கம்பளி நாருக்குள்ளயே நெளி இருக்கு, ஸ்பிரிங் மாதிரி, அதையும் அதே பிடி பிடிச்சா நெளியெல்லாம் நீண்டு மூச்சு முட்டி நிக்கும். கண்டு சுத்தும்போதும் இறுக்கிச் சுத்தாதீங்க, விரலை உள்ள விட்டுச் சுத்திட்டு விரலை உருவிருங்க. ஊசியை ரெண்டு நம்பர் பெருசாக்குங்க. முடிச்சதும் நனைச்சா நாரு மலர்ந்து துணி வேற துணியாயிரும், அதுக்கு முன்ன பிரிச்சிராதீங்க.

சின்னச் சின்ன இம்சைகள்

பாதியில கலர் மாறி பட்டை விழுந்தா அது சாயத் தொட்டி நம்பர், ஒரே கலர் பேரு இருந்தாலும் லாட் நம்பர் வேறன்னா சாயம் வேறதான். இனிமே வாங்க முடியாதுன்னா ரெண்டு கண்டையும் ரெண்டு ரெண்டு வரிக்கு மாத்தி மாத்திப் பின்னுங்க, கண்ணுக்குத் தெரியாது. கலரைக் கடை டியூப்லைட்ல பாக்காம வாசல்ல வந்து பாருங்க.

சாயம் போச்சுன்னா பச்சைத்தண்ணியில வினிகர் ஊத்தி ஊற வச்சா நிக்கும்பாவ, நிக்காது. கம்பளிச் சாயம் பிடிக்க புளிப்பும் வேணும் சூடும் வேணும், ரெண்டும் சேந்தாத்தான். சும்மா ஒட்டிக்கிட்டிருக்க உதிரிச் சாயம்னா பின்னுததுக்கு முன்னயே சிட்டமா, அதாவது கண்டா சுத்தாம வளையமா இருக்கும்போது தண்ணி தெளியுத வரைக்கும் அலசிருங்க, அதுக்குப் பிறகுதான் வெள்ளையோட சேக்கணும்.

ஊசி நுனியில நூல் பிரிஞ்சி பிரிஞ்சி மாட்டுதுன்னா முறுக்கு தளர்ந்த நூலு, மொட்டை நுனி ஊசி எடுங்க. ஊசியில நகராம ஒட்டுதுன்னா அது நூல் குத்தமில்ல, நம்ம வேர்வை. பவுடர் போடாதீங்க, நூல்ல அப்பிக்கிடும், மடியில ஒரு கைத்துண்டு வச்சி துடைச்சிக்கிட்டு, மூங்கில் ஊசியை விட்டுட்டு ஸ்டீலுக்கு மாறுங்க.

அலமாரியில வச்சது ஓட்டையாயிட்டு

அந்துப்பூச்சி. பறக்குத பூச்சி திங்காது, அதோட புழுதான் திங்கும், ஓட்டையோரம் மணல் மாதிரி பொடியும் நூலாம்படையும் இருந்தா புழு இன்னும் அங்கதான் இருக்கு. வேர்வையும் பால் சிந்துன கறையும் உள்ள எடம்தான் அதுக்குப் பலகாரம், அதனால அழுக்கோட மடிச்சி வைக்கவே கூடாது. பூச்சி வந்த துணியை ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல காத்துப் போகாமக் கட்டி பிரீசர்ல ரெண்டு வாரம் போடுங்க, மைனஸ் 18க்கு புழுவும் முட்டையும் சாகும். வேப்பிலையை நம்பி விட்டுராதீங்க, அது காய்ஞ்சா வாடையும் போச்சு. குழந்தைத் துணியோட பாச்சை உருண்டை போடவே போடாதீங்க, அந்த நாப்தலீன் சில குழந்தைகளுக்கு ரத்தத்தையே கெடுத்துரும், சிவப்பணு உடைஞ்சி மஞ்சக்காமாலை வரைக்கும் போகும்.

பெரியப்பா மப்ளர் ஒண்ணும் ஆகாம இருக்கதுக்குக் காரணமும் இதுதான், அது அக்ரிலிக்கு. கம்பளின்னு சொல்லித்தான் போட்டுவிட்டேன், அவரும் மாஞ்சோலைக் குளிருக்கு அதைக் கழட்டாமத்தான் கெடந்தாரு, பூச்சிக்கு மட்டும் உண்மை தெரிஞ்சிருக்கு.

பிரிச்ச நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கெடக்கு

அப்படியே பின்னுனா கண்ணி மேடும் பள்ளமுமா வரும். நாற்காலி முதுகுல சுத்தி சிட்டமாக்கி, நாலு எடத்துல லூசா கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில அரைமணி போட்டு எடுத்து, வெயிட்டு ஒண்ணும் தொங்க விடாம நிழல்ல போடுங்க. ஐப்பசி கார்த்திகையில தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் கெடக்கும், கன்னத்துல வச்சிப் பாருங்க, சில்லுன்னு இருந்தா இன்னும் ஒருநாள் கெடக்கட்டும்.